ஒரு நாள் கதிர், மூன்று ஆண்டு காத்திருப்பு: மூளை ரத்தக்குழாய்ப் பின்னலுக்கு ரேடியோ சர்ஜரி, நஞ்சன்கூடு வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

நஞ்சன்கூட்டில் ஒரு வீட்டுப் பையனுக்குத் திடீரென்று ஃபிட்ஸ் வருகிறது. மைசூருவுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுக்கிறார்கள். கட்டி இல்லை, அடைப்பு இல்லை, மூளையில் ‘ஏவிஎம்’ இருக்கிறது என்று ரிப்போர்ட் வருகிறது. அன்று மாலைக்குள் வீட்டுக்கு மூன்று யோசனைகள் வந்து சேர்ந்துவிடும். மண்டையைத் திறந்து எடுத்தால்தான் நிம்மதி என்பார் ஒருவர். பெங்களூருவில் கத்தியே வைக்காமல் கதிர் வைத்துச் சரிசெய்துவிடுகிறார்கள் என்பார் இன்னொருவர். தொடாமல் விட்டுவிடுவதே நல்லது என்பார் மூன்றாமவர். ஆளைப் பொறுத்து மூன்றுமே சரியாக இருக்கலாம் என்பதுதான் இந்த நோயில் உள்ள சங்கடம்.

இந்த வழிகாட்டி இரண்டாவது யோசனையைப் பற்றியது. தமிழ் பேசும் குடும்பங்கள் நஞ்சன்கூட்டிலும் சாமராஜநகரிலும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் தாளவாடியில் இருப்பவர்களுக்கும் திம்பம் மலைப்பாதையில் இறங்குவதைவிட மைசூரு பக்கம் வருவதுதான் பல நேரம் எளிது. அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கதிர் வைக்கும் நாள்தான் இந்தச் சிகிச்சையிலேயே எளிதான நாள். குடும்பங்கள் தடுமாறுவது அதற்கு முந்தைய ஒரு மாதத்திலும், பிந்தைய மூன்று ஆண்டுகளிலும்.

## அது என்ன நோய்

இதயத்திலிருந்து ரத்தம் தமனி வழியாக வேகத்தோடு மூளைக்குப் போகிறது. அங்கே மயிரிழை போன்ற தந்துகிகளுக்குள் பிரிந்து வேகம் தணிகிறது. அதன் பிறகே சிரை வழியாகத் திரும்புகிறது. ஏவிஎம் உள்ள இடத்தில் அந்தத் தந்துகிகள் இல்லை. தமனியும் சிரையும் ஒரு சிக்கலான பின்னலாக நேரடியாக இணைந்திருக்கும். கபினி அணையின் பெரிய கால்வாய், கிளைக்கால்வாய் எதுவும் இல்லாமல் நேராக வயல் வாய்க்காலில் திறந்துகொண்டால் வாய்க்கால் கரை எத்தனை நாள் நிற்கும்? சிரையின் சுவரும் அதே நிலையில்தான் இருக்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்கான சுவர் அதற்கு இல்லை.

இது புற்றுநோய் அல்ல, பரவாது, தொற்றாது. லட்சம் பேரில் சுமார் 10 முதல் 18 பேருக்கு இருப்பதாகக் கணக்கு. பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. ஆகவே வீட்டில் எல்லோரும் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: குடும்பத்தில் பலருக்கு அடிக்கடி மூக்கிலிருந்து ரத்தம் வரும் வழக்கம் இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ரத்தக்குழாய்ப் பின்னல்கள் குடும்ப வழியாக வரும் ஓர் அரிய நோயின் அடையாளமாக அது இருக்கலாம்.

ரிப்போர்ட்டில் வேறு பெயர்களும் வரக்கூடும். ரத்தக்குழாய் பலூன் போல உப்புவது அனியூரிசம். அதற்குக் கதிர் வைப்பதில்லை, கிளிப்போ காயிலோதான். கேவர்னோமா என்பது வேகமில்லாத ரத்தம் தேங்கிய சிறு கொத்து. அதற்குக் கதிர் வைப்பதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பிறவியிலேயே சிரை மட்டும் கொஞ்சம் வேறு விதமாக அமைந்திருப்பதாக ரிப்போர்ட் சொன்னால் பெரும்பாலும் ஒன்றும் செய்யக்கூடாது. அது மூளைக்குத் தேவையான வடிகால். ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது இவற்றில் எது என்று முதலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

## முதல் படி: ரத்தம் கசிந்ததா, இல்லையா

எல்லா முடிவுகளும் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிரிகின்றன.

வாழ்நாளில் அனுபவித்திராத தலைவலி திடீரென்று தாக்குவது, கூடவே வாந்தி, ஒரு பக்கக் கைகால் விழுவது, பேச்சு குழறுவது, மயக்கம், முதல்முறை ஃபிட்ஸ்: இவற்றில் எது வந்தாலும் அது ரத்தக்கசிவாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். கிளினிக் கிளினிக்காக அலைய வேண்டாம். சிடி ஸ்கேனும் நரம்பு அறுவை சிகிச்சை டாக்டரும் இருக்கும் இடத்துக்கு நேராகப் போங்கள். நஞ்சன்கூட்டிலிருந்து மைசூரு சுமார் 25 கிலோமீட்டர்தான். அங்கே அரசு கே.ஆர். மருத்துவமனையும் ஜேஎஸ்எஸ் மருத்துவமனையும் உள்ளன. கூடலூர், ஊட்டி பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: பந்திப்பூர் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை, ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு. சொந்தக் காரில் கிளம்பிச் சோதனைச்சாவடியில் நிற்காதீர்கள்.

தலைவலிக்கு வீட்டில் இருக்கும் ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. ரத்தம் உறைவதை அது தடுக்கும்.

கசிவு நடக்கும் நேரத்தில் ரேடியோ சர்ஜரிக்கு வேலையே இல்லை. அப்போது தேவை தீவிர சிகிச்சைப் பிரிவு. சிலருக்கு உறைந்த ரத்தத்தை எடுக்கும் அவசர அறுவை. கதிரைப் பற்றிய பேச்சு பொதுவாக இரண்டு, மூன்று மாதங்களுக்குப் பிறகுதான் தொடங்கும். உறைந்த ரத்தம் கரைந்து, அது மறைத்திருந்த பின்னலின் உண்மையான உருவம் படத்தில் தெரிய வேண்டும். ‘உடனே பெங்களூருவுக்கு எழுதிக் கொடுங்கள்’ என்று மைசூரு டாக்டரிடம் சண்டை போடும் உறவினர்களின் பதற்றம் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு மாதம் வீணாகப் போகிற காலம் அல்ல.

## இரண்டாம் படி: மூன்று படங்களைச் சேர்த்து வையுங்கள்

சிடி ஸ்கேன் ரத்தம் கசிந்ததா என்று சொல்லும். எம்ஆர்ஐ, பின்னல் மூளையின் எந்தப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும். மூன்றாவது டிஎஸ்ஏ எனப்படும் ஆஞ்சியோ. தொடை இடுக்கில் அல்லது மணிக்கட்டில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைக் கழுத்து வரை செலுத்தி, அயோடின் மருந்து பாய்ச்சி, ரத்தம் ஓடுவதையே படமாக எடுப்பார்கள். எந்தத் தமனி ஊட்டுகிறது, எந்தச் சிரை வடிக்கிறது, பின்னலுக்குள் எங்காவது உப்பலான பலவீனமான இடம் இருக்கிறதா என்பதெல்லாம் இதில்தான் தெளிவாகும். மருந்து உள்ளே போகும்போது தலைக்குள் சட்டென்று சூடு பரவும், பயப்பட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவது, முன்பு இப்படிப்பட்ட ஊசிக்கு ஒவ்வாமை வந்தது ஆகிய மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஃபிலிம் மட்டும் போதாது, சிடியோ பென்டிரைவோ கேட்டு வாங்குங்கள். கதிரின் குறியைக் கணினியில் திட்டமிடுகிறவர்களுக்கு ஃபிலிமைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதால் பயனில்லை.

## மூன்றாம் படி: அளவும் இடமும்

1986-இல் ராபர்ட் ஸ்பெட்ஸ்லர், நீல் மார்ட்டின் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்றும் உலகம் முழுக்க அதையே பயன்படுத்துகிறார்கள், நீங்களும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பின்னல் 3 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் 1, 3 முதல் 6 வரை என்றால் 2, அதற்கு மேல் 3. பேச்சு, பார்வை, கைகால் அசைவு போன்ற முக்கிய வேலை நடக்கும் இடத்தில் இருந்தால் இன்னொரு 1. ரத்தம் வடிவது ஆழத்திலுள்ள சிரைக்குள் என்றால் மேலும் 1. கூட்டினால் 1 முதல் 5 வரை கிரேடு கிடைக்கும்.

இது முதலில் அறுவை சிகிச்சையின் ஆபத்தை அளக்க வந்த கணக்கு. கதிருக்கு வேண்டியது முக்கியமாக அளவுதான். 3 சென்டிமீட்டருக்குள், கன அளவில் சுமார் 10 கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் பின்னல்தான் கதிருக்கு நன்றாகக் கட்டுப்படும். அதிலும் கத்தி எட்டமுடியாத ஆழத்தில், மூளைத் தண்டுக்கு அருகில், கைகாலை ஆட்டும் பகுதிக்குள் இருப்பவற்றுக்குக் கதிரின் மதிப்பு மிக அதிகம்.

அதே நேரம் எல்லோரும் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கசிந்த, சிறிய, மூளையின் மேற்பரப்பில் முக்கியமில்லாத இடத்தில் இருக்கும் கிரேடு 1 பின்னலுக்கு, நல்ல கைதேர்ந்த டாக்டர் செய்யும் திறந்த அறுவையே பல நேரம் மேல். அன்றைக்கே முடிந்துவிடும், மூன்றாண்டு காத்திருக்க வேண்டாம். ‘கத்தி இல்லை’ என்பதற்காக மட்டும் கதிரைத் தேர்ந்தெடுப்பது சரியான காரணம் அல்ல.

மூன்றாவது ஒரு வழி, ஆஞ்சியோ குழாய் வழியாகப் பின்னலுக்குள் பசை செலுத்தி அடைப்பது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இதில் பேர் பெற்றது. பசை மட்டுமே முழுக் குணம் தருவது சிலருக்குத்தான். பின்னலுக்குள் உள்ள ஆபத்தான உப்பலை மட்டும் முதலில் அடைத்துவிட்டுப் பிறகு கதிருக்கு அனுப்புவது உண்டு.

## நான்காம் படி: ‘ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்?’

இந்தக் கேள்வியை டாக்டரிடம் கேட்கத் தயங்காதீர்கள். டாக்டரும் இதை எதிர்பார்த்துத்தான் இருப்பார்.

ஏவிஎம் உள்ள ஒருவருக்கு ஓர் ஆண்டில் ரத்தம் கசியும் வாய்ப்பு 2 முதல் 4 சதவீதம். ஏற்கெனவே கசிந்தவர்களுக்கு அடுத்த ஒரு வருடம் இது கூடும். ஆண்டுக்கு இரண்டு, மூன்று என்று கேட்கும்போது சின்ன எண்ணாகத் தெரிகிறது. ஆனால் இருபத்தைந்து வயதுக்காரருக்கு முன்னால் இன்னும் எத்தனை ஆண்டுகள்! நரம்பு டாக்டர்கள் ஒரு மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: 105-இலிருந்து வயதைக் கழித்தால் வாழ்நாளில் கசிவதற்கான சதவீதம் ஏறக்குறைய கிடைக்கும். 25 வயதுக்கு 80. 70 வயதுக்கு 35. துல்லியமான கணக்கல்ல, ஆனால் இளைஞருக்கும் தாத்தாவுக்கும் ஏன் வேறு வேறு ஆலோசனை கிடைக்கிறது என்பது இதில் விளங்கும்.

மறுபக்கமும் இருக்கிறது. அருபா என்ற பன்னாட்டு ஆய்வு, கசியாத ஏவிஎம் உள்ளவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு மருந்து மட்டும். மறு பாதிக்கு அறுவை, பசை, கதிர் இவற்றில் ஏதாவது. 226 பேர் சேர்ந்திருந்த நிலையில் 2013-இல் ஆள் சேர்ப்பை நிறுத்திவிட்டார்கள். 2014-இல் முடிவு வெளிவந்தது: சராசரியாக மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில், மருந்து மட்டும் பெற்றவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது; சிகிச்சை பெற்றவர்களில் 30 சதவீதத்தைத் தாண்டியது.

உலகமே இதைப் பற்றிச் சண்டை போட்டது. வாழ்நாள் முழுக்க இருக்கும் ஆபத்தை மூன்றாண்டில் அளக்க முடியுமா, மூன்று வெவ்வேறு சிகிச்சைகளை ஒரே பெட்டியில் போடலாமா என்றெல்லாம் கேட்டார்கள். நியாயமான கேள்விகள். கதிர் வைத்தவர்களுக்கு அது பலன் தரத் தொடங்கும் நேரத்திலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனாலும் ஆய்வு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது: கசியாத பின்னலைத் தொடுவதற்குக் காரணம் வேண்டும். தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட பெரிய பின்னல், வயதானவர், தொந்தரவே இல்லை என்றால், ‘பார்த்துக்கொண்டிருப்போம்’ என்று சொல்லும் டாக்டர் கைவிடுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

## ஐந்தாம் படி: எங்கே போவது

லார்ஸ் லெக்செல் என்ற ஸ்வீடன் நரம்பு அறுவை டாக்டர்தான் 1951-இல் இந்தக் கதிர்ச் சிகிச்சை யோசனையை எழுதிவைத்தார். 1960-களின் இறுதியில் ஸ்டாக்ஹோமில் முதல் காமா நைஃப் கருவி வந்தது. 1970-இல் முதன்முதலாக ஓர் ஏவிஎம்முக்கு அதைப் பயன்படுத்தினார்கள். இந்தியாவுக்கு 1997-இல் மும்பை ஹிந்துஜா மருத்துவமனைக்கும் டெல்லி எய்ம்ஸுக்கும் வந்தது.

நஞ்சன்கூட்டுக்காரர்களுக்கு இயல்பான இடம் பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ். மத்திய அரசு நிறுவனம், காமா நைஃப் இருக்கிறது, ஏவிஎம் பார்த்துப் பழகிய குழுவும் இருக்கிறது. சாமராஜநகரிலிருந்து நஞ்சன்கூடு, மைசூரு வழியாகப் பெங்களூரு போகும் ரயிலும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பேர் அங்கே வருவதால் தமிழில் பேசிச் சமாளிக்கலாம். கூட்டம் அதிகம், காலையில் சீக்கிரம் போய்ப் பதிவு செய்ய வேண்டும், ஒரே நாளில் எல்லாம் முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தமிழ்நாட்டுப் பக்கம் சொந்தபந்தம் இருப்பவர்களுக்கு வேலூர் சிஎம்சி இன்னொரு வழி. 1990-களின் நடுவிலிருந்தே அங்கே ரேடியோ சர்ஜரி செய்துவருகிறார்கள். சென்னை அப்போலோவிலும் பெங்களூரு எச்சிஜியிலும் சைபர் நைஃப் இருக்கிறது.

கருவிகளின் பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். காமா நைஃபில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் கிட்டத்தட்ட 200 துண்டுகளாக வட்டமாக அமைந்திருக்கும். புதிய மாடலில் 192. ஒவ்வொன்றிலிருந்தும் வரும் கதிர் மெல்லியது, வழியிலுள்ள மூளையை அதிகம் பாதிக்காது. எல்லாம் ஒரே புள்ளியில் கூடும் இடத்தில்தான் வலு. லினாக் கருவி, கோபால்ட் இல்லாமல் மின்சாரத்தால் எக்ஸ் கதிர் உண்டாக்கி, தலையைச் சுற்றி வளைந்து வளைந்து செலுத்தும். சைபர் நைஃப் ஒரு ரோபோ கையில் பொருத்திய லினாக். எதில் செய்தாலும் நல்ல கையில் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ‘எந்தக் கருவி?’ என்பதைவிட ‘இங்கே ஆண்டுக்கு எத்தனை ஏவிஎம் பார்க்கிறீர்கள், அறுவையும் பசையும் கதிரும் செய்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுப்பீர்களா?’ என்பது பயனுள்ள கேள்வி.

## ஆறாம் படி: கார்டும் கடிதமும்

கர்நாடக ரேஷன் கார்டு உள்ளவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா திட்டம் 2018 முதல் நடப்பில் உள்ளது. பிபிஎல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஏபிஎல் என்றால் நிர்ணயித்த கட்டணத்தில் 30 சதவீதம், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை. அவசரம் இல்லாத சிகிச்சைக்கு முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய், அங்கே அந்த வசதி இல்லை என்று பரிந்துரைக் கடிதம் வாங்கியாக வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் பெங்களூரு வரை போய்த் திரும்பி வருவதுதான் மிகப் பரவலான வீண் அலைச்சல்.

கார்டு இருப்பது வேறு, ரேடியோ சர்ஜரி அந்தப் பட்டியலில் அந்த மருத்துவமனையில் இருப்பது வேறு. அங்கிருக்கும் திட்ட உதவியாளரான ஆரோக்கிய மித்ராவிடம் முன்கூட்டியே கேளுங்கள். நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களில் பலருக்கு இஎஸ்ஐ இருக்கும். அதற்கான பரிந்துரை இஎஸ்ஐ டிஸ்பென்சரியிலிருந்துதான் தொடங்கும். தாளவாடிக்காரர்கள் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நம்பிக் கர்நாடகம் வருவதற்கு முன், அது அங்கே செல்லுமா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தனியாரில் செய்தால் கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். பின்னால் வரும் எம்ஆர்ஐ, ஆஞ்சியோ செலவு அதில் சேர்ந்ததா என்றும்.

## ஏழாம் படி: அந்த ஒரு நாள்

பெரும்பாலும் முதல் நாள் சேர்ப்பார்கள். இரவு தலைக்குக் குளிக்கச் சொல்வார்கள். நம் ஊரில் முடி காணிக்கை பழக்கமான விஷயம் என்பதால் பலர் மொட்டை அடிக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். தேவையே இல்லை. ஃபிட்ஸ் மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட்டுவிட வேண்டும். வெறும் வயிறு என்று சொன்னாலும் மாத்திரையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

காலையில் தலையில் ஒரு உலோகச் சட்டம் பொருத்துவார்கள். நெற்றியில் இரண்டு, பின்மண்டையில் இரண்டு என நான்கு இடத்தில் மரத்துப்போகும் ஊசி. அந்த ஊசிதான் அன்றைய வலி, வேறொன்றுமில்லை. பிறகு நான்கு முனைகளையும் இறுக்கும்போது தலையை யாரோ அழுத்திப் பிடிப்பது போல இருக்கும், பத்து நிமிடத்தில் பழகிவிடும். பார்க்கிறவர்களுக்குத்தான் பயங்கரமாகத் தெரியும். பலவீனமான மனதுள்ள உறவினரை அந்த அறை வாசலில் நிறுத்தாதீர்கள். மருத்துவமனைக்கும் கருவிக்கும் ஏற்பச் சட்டத்துக்குப் பதில் முகமூடி வைப்பதும் உண்டு. சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்தே செய்வார்கள்.

சட்டத்தோடே எம்ஆர்ஐ, ஆஞ்சியோ. சட்டம் எதற்கென்றால், படத்தில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் மில்லிமீட்டர் கணக்கில் ஒரு விலாசம் கொடுக்கத்தான். அதன்பிறகு நோயாளிக்கு நீண்ட சும்மா நேரம். உள்ளே நரம்பு அறுவை டாக்டரும் கதிரியக்க இயற்பியலாளரும் கணினியில் பின்னலின் எல்லையை வரைந்து, அதன் விளிம்புக்கு எவ்வளவு கதிர் என்று தீர்மானிக்கிறார்கள். பொதுவாக 16 முதல் 25 கிரே. அதிகம் வைத்தால் பின்னல் மூடும் வாய்ப்பு கூடும், பக்கத்து மூளை வீங்கும் வாய்ப்பும் கூடும். இந்த இழுபறிதான் இந்தச் சிகிச்சையின் உண்மையான கைவண்ணம். பெரிய பின்னலாக இருந்தால் அதைப் பங்கு பிரித்து, சில மாத இடைவெளியில் இரண்டு தடவையாகச் செய்வார்கள்.

கதிர் உள்ளே போவது தெரியாது. படுக்கை மெல்ல நகரும், மைக்கில் பேசலாம், சில இடங்களில் பாட்டுப் போடுவார்கள். எவ்வளவு நேரம் என்பது பின்னலின் அளவையும் கோபால்ட்டின் வயதையும் பொறுத்தது. ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை கோபால்ட்டின் வலு பாதியாகும் என்பதால், பழைய கோபால்ட்டில் அதே கதிருக்கு அதிக நேரம் படுக்க வேண்டும். முடிந்ததும் சட்டத்தைக் கழற்றுவார்கள். அப்போது கொஞ்சம் தலைவலி, நான்கு இடத்திலும் சிறு கட்டு. மறுநாள் வீடு. நெற்றியும் கண் இமையும் ஓரிரு நாள் வீங்கலாம்.

உடம்பில் கதிர் ஒட்டிக்கொண்டு வராது. அம்மா பிள்ளையை அன்றைக்கே தூக்கிக் கொஞ்சலாம், தனித் தட்டு, தனி அறை எதுவும் வேண்டாம். பால் கொடுக்கும் தாய்க்கு ஆஞ்சியோ மருந்து பற்றி மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

## எட்டாம் படி: மூன்று ஆண்டுகள்

இப்போதுதான் சிகிச்சை தொடங்குகிறது. கதிர் பின்னலை எரித்துவிடவில்லை. ரத்தக்குழாயின் உள்பூச்சைக் காயப்படுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். காயம் ஆற ஆறச் சுவர் உள்பக்கமாகத் தடித்து, வழி குறுகி, கடைசியில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். இதற்கு இரண்டு, மூன்று ஆண்டு பிடிக்கும், சிலருக்கு நான்கு. அதுவரை பின்னல் திறந்தே இருக்கிறது, கசியும் ஆபத்தும் இருக்கிறது. மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டதால் குணமாகிவிட்டது என்று நினைத்து அடுத்த செக்கப்புக்குப் போகாமல் விடுவதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு.

ஃபிட்ஸ் மாத்திரை தொடர வேண்டும். பின்னல் மூடும்போது பலருக்கு ஃபிட்ஸ் குறைகிறது. ஆனால் மாத்திரையை எப்போது குறைப்பது என்பது டாக்டர் முடிவு. நஞ்சன்கூட்டில் ஒரு வைத்திய மரபே இருக்கிறது. திப்பு சுல்தானின் யானைக்குக் கண் பார்வை திரும்பியதால் அவர் இங்குள்ள சாமியை ஹக்கீம் நஞ்சுண்டா என்று அழைத்தார் என்பார்கள். 1913 முதல் இங்கே சத்வைத்யசாலா என்ற ஆயுர்வேத மருந்து நிறுவனம் இயங்குகிறது. வேண்டுதலோ ஆயுர்வேதமோ யாரும் தடுக்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு அதைச் செய்வதுதான் ஆபத்து. வேறு மருந்து எது எடுத்தாலும் நரம்பு டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேண்டுதலை நிறைவேற்ற வருகிறவர்களுக்குச் சில நடைமுறை யோசனைகள். மொட்டை போடுவதானால் நான்கு ஊசித் தடங்களும் முழுக்க ஆறட்டும். ஃபிட்ஸ் வருகிறவர் கபிலை ஆற்றில் தனியாக இறங்கக்கூடாது. முழங்கால் தண்ணீர்கூட ஒரு வலிப்புக்குப் போதும். கோயிலைச் சுற்றி உருளும் சேவையைத் தள்ளிப்போடலாம். பங்குனித் தேர்த்திருவிழாவில் வெயிலில் விரதமிருந்து, இரவு கண்விழித்து, மாத்திரையையும் விட்டால் ஃபிட்ஸ் வருவதற்கு வேறொன்றும் வேண்டாம்.

வேலைக்கு ஒரு வாரத்தில் திரும்பலாம். ஆனால் இரவு ஷிப்ட் தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கக்கேடு ஃபிட்ஸைத் தூண்டும். உயரத்தில் ஏறும் வேலை, சுழலும் இயந்திரம், வண்டி ஓட்டுவது இவற்றுக்கு டாக்டரின் எழுத்துபூர்வமான அனுமதி வாங்குங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் கட்டுக்குள் வையுங்கள். புகைப்பதை விடுங்கள்.

கல்யாணப் பேச்சும் இந்த வயதில்தான் வரும். ஏவிஎம் பெரும்பாலும் 20-க்கும் 40-க்கும் இடையில்தான் தன்னைக் காட்டுகிறது. கல்யாணத்துக்குத் தடை இல்லை. கர்ப்பத்தைப் பின்னல் மூடும் வரை தள்ளிப்போடச் சொல்வார்கள். ஆகவே மாப்பிள்ளை வீட்டிடம் மறைத்தால் பிரச்சினை அங்கேதான் வெடிக்கும். பெண்ணைச் செக்கப்புக்கே போகவிடாமல் செய்வது அந்த மறைப்புதான். ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால் கதிரைத் தள்ளிவைத்து, பிரசவத்தை மகப்பேறு டாக்டரும் நரம்பு டாக்டரும் சேர்ந்து திட்டமிடுவார்கள்.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் சிலருக்குப் புதிதாகத் தலைவலி, கை பலவீனம், பேச்சுத் தடுமாற்றம் வரலாம். பின்னலைச் சுற்றியுள்ள மூளையில் கதிரால் உண்டாகும் வீக்கம் அது. எம்ஆர்ஐயில் இந்த மாற்றம் சுமார் மூன்றில் ஒருவருக்குத் தெரியும். தொந்தரவு தருவது பத்தில் ஒருவருக்கு அளவில். நிலையான பாதிப்பு நூற்றில் இரண்டு, மூன்று பேருக்கு. ஸ்டீராய்டு மாத்திரையில் பெரும்பாலும் அடங்கும். ஆனால் அது வீக்கமா, கசிவா என்று வீட்டில் உட்கார்ந்து யூகிக்க முடியாது. முதல் படியில் சொன்ன அதே அவசரத்தோடு ஸ்கேனுக்குப் போங்கள். கதிர் வைத்த நாள், அளவு, எந்தப் பக்கம் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். அதைப் போனில் போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் வைத்திருங்கள். நள்ளிரவில் மைசூரு டாக்டருக்கு அது மிகவும் உதவும்.

## ஒன்பதாம் படி: மூடியதா என்று பார்ப்பது

ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை எம்ஆர்ஐ. இதை மைசூருவிலேயே எடுத்துப் பெங்களூருவுக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேளுங்கள், பல நேரம் முடியும். பின்னல் மறைந்துவிட்டது என்று எம்ஆர்ஐ சொன்னாலும் அது கடைசித் தீர்ப்பு அல்ல. மூன்றாம் ஆண்டு வாக்கில் இன்னொரு ஆஞ்சியோ எடுத்து, ரத்தம் நேராகத் தாவும் வழி ஒன்றுகூட இல்லை என்று பார்த்தால்தான் மூடியதாகக் கணக்கு. பாதி மூடினாலும் பாதிப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. மீதி திறந்திருக்கும் வரை கசிவு அபாயம் நீங்கவில்லை. ‘எம்ஆர்ஐ நன்றாக இருக்கிறதே, மறுபடி எதற்குத் தொடையில் குத்த வேண்டும்’ என்று இந்த ஆஞ்சியோவைத் தவிர்க்கிறவர்கள் நிறைய. தவிர்க்காதீர்கள்.

சிறிய பின்னல்களில் 70 முதல் 80 சதவீதம் மூன்று, நான்கு ஆண்டுகளில் மூடிவிடுகின்றன. பெரிதாகப் பெரிதாக இது குறையும். மூடாதவர்களுக்கு வழி அடைபடவில்லை: பின்னல் சுருங்கியிருந்தால் இரண்டாம் முறை கதிர் வைக்கலாம், முன்பு எட்டாத அறுவை இப்போது எட்டலாம்.

மூடிய பிறகும் சில ஆண்டுக்கு ஒருமுறை எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். கதிர் பட்ட இடத்தில் பத்தாண்டு கழித்துக்கூட நீர்க்கட்டி உண்டாவது அரிதாக உண்டு. கதிரால் புற்றுநோய் வருவது அதைவிட மிக மிக அரிது. குழந்தையாக இருக்கும்போது சிகிச்சை பெற்றவர்களுக்கு, மூடிய பின்னல் வளர்ந்த பிறகு மீண்டும் தலைகாட்டியது உண்டு என்பதால், பதினெட்டு வயதையொட்டி இன்னொருமுறை படம் எடுப்பது பற்றிக் கேட்டு வையுங்கள். அதற்குள் வீடு மாறியிருப்பீர்கள், டாக்டரும் மாறியிருப்பார். முதல் ஆஞ்சியோவின் சிடி அப்போதும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.